ஒரு சொட்டும் போகும் முன்னே

கல்லூரி ரத்ததான முகாம்களில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது. ஒரு கட்டிலில் ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். பல ஆண்டுகளாகக் கொடுத்து வருபவர். பஞ்சை அழுத்தியபடி எழுந்து, பிஸ்கட்டையும் ஜூஸையும் முடித்துவிட்டு, அடுத்து எப்போது வரலாம் என்று கேட்டுக்கொண்டு போகிறார். பக்கத்துக் கட்டிலில் ஜிம்முக்குப் போய் உடம்பைத் தேற்றி வைத்திருக்கும் இருபது வயது இளைஞர். அவருக்கு இதுதான் முதல் முறை. கையில் பட்டையைக் கட்டி ரத்தக் குழாயைத் தேடுகிறார்கள். ஊசியின் மூடியை இன்னும் கழற்றவில்லை. அதற்குள் அவர் முகம் வெளுக்கிறது, நெற்றி வியர்க்கிறது, கண் செருகுகிறது.

ரத்தம் போனதால் வந்த மயக்கம் என்று இதைச் சொல்ல முடியாது. ஒரு சொட்டுகூட இன்னும் போகவில்லை. பயத்தால் வந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் அங்கேயும் ஒரு முடிச்சு இருக்கிறது. தெருநாய் துரத்தினால் நாம் பயப்படுகிறோம்; நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, கால் தானாக ஓடுகிறது. நாயைக் கண்டு மயங்கி விழுந்தவர் அபூர்வம். மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பயம் என்றால் ஏற வேண்டிய அழுத்தம், ரத்தமும் ஊசியும் கண்ணில் பட்டால் மட்டும் ஏன் இறங்குகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேடி உடலியலாளர்கள் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். விடை தெரிந்தால், முதல் முறை ரத்தம் கொடுக்கப் போகிறவர் தன் படபடப்பை என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும்.

போவது எவ்வளவு?

முதலில் ரத்த இழப்பின் கணக்கைப் பார்த்துவிடலாம். பெரியவர்களின் உடம்பில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தம் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவரிடம் சுமார் 4.2 லிட்டர். இந்தியாவில் ரத்தம் கொடுக்கக் குறைந்தது 45 கிலோ எடை வேண்டும். அவர்களிடம் 350 மில்லி எடுக்கிறார்கள். 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி வரை எடுக்கலாம். 60 கிலோக்காரரிடம் 350 மில்லி எடுத்தால், அவர் ரத்தத்தில் 8 விழுக்காடு குறைகிறது. ஆரோக்கியமான ஒருவர் படுத்த நிலையில் 15 விழுக்காடு வரை இழந்தாலும் ரத்த அழுத்தம் பெரிதாக மாறாது என்பது விபத்துச் சிகிச்சையில் மருத்துவர்கள் படிக்கும் பாடம்.

போன ரத்தம் திரும்பி வருமா? ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மா ஓரிரு நாளில் நிரம்பிவிடுகிறது. சிவப்பணுக்கள் நிரம்ப நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள, நாம் ரத்தமே கொடுக்காவிட்டாலும் சிவப்பணுக்கள் தினமும் செத்துக்கொண்டிருக்கின்றன என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அவை எத்தனை நாள் வாழ்கின்றன என்பதை முதலில் சரியாக அளந்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய வினிஃப்ரெட் ஆஷ்பி. 1919இல் அவர் கையாண்ட வழி எளிமையானது. வேறு வகை ரத்தமுள்ள நோயாளிகளுக்கு ஓ வகை ரத்தம் ஏற்றப்பட்டது. பிறகு அவ்வப்போது அவர்களிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஓ அல்லாத அணுக்களை மட்டும் திரளச் செய்யும் சீரத்தை அதில் கலந்தார். நோயாளியின் சொந்த அணுக்கள் கட்டியாகத் திரண்டன. திரளாமல் மிதந்தவை கொடையாளியிடமிருந்து வந்தவை. வாரக் கணக்கில் அவற்றை எண்ணிக்கொண்டே வந்தார். சிவப்பணுக்கள் இரண்டு மூன்று வாரம்தான் தாங்கும் என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். ஆஷ்பி எண்ணிய அணுக்களோ மாதக் கணக்கில் தாக்குப்பிடித்தன. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்று இன்று சொல்கிறோம்.

120 நாள் ஆயுள் என்றால், 4.2 லிட்டர் ரத்தத்தில் தினமும் 120இல் ஒரு பங்கு அணுக்கள் சாகின்றன. அதாவது 35 மில்லி ரத்தத்துக்கு உரிய சிவப்பணுக்கள். அதே அளவு எலும்பு மஜ்ஜையில் தினமும் புதிதாகப் பிறக்கின்றன. ஆகவே 350 மில்லி கொடை என்பது உடம்பு தன் பாட்டுக்குப் பத்து நாளில் அழித்து ஆக்கும் அளவு. ரத்தம் கொடுத்த பிறகு, ஆக்சிஜன் சற்றுக் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது மஜ்ஜையின் உற்பத்தியை முடுக்கிவிடுகிறது.

மெதுவாகத் திரும்புவது இரும்புச் சத்துதான். 350 மில்லி ரத்தத்தோடு 150 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு போகிறது. உணவிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறையும்தான் கொடுக்கலாம் என்ற இடைவெளிக்கு இதுவும் ஒரு காரணம். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைந்தவர்களைத் திருப்பி அனுப்புவதும் அவர்கள் நன்மைக்காகத்தான்.

வேறு இரண்டு பயங்களுக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. தொற்று வருமா? பையும் குழாயும் ஊசியும் ஒரே தொகுப்பாக, கிருமி நீக்கி மூடப்பட்டு வருகின்றன. ஒருவருக்குப் பயன்படுத்தியது இன்னொருவருக்குப் போவதில்லை. எனவே ரத்தம் கொடுப்பதால் எச்ஐவியோ மஞ்சள்காமாலையோ தொற்றிக்கொள்ள வழியில்லை. வலிக்குமா? ஊசி தடிமனானதுதான், ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மெல்லிய ஊசியாக இருந்தால் ரத்தம் நெருக்கடிபட்டு அணுக்கள் உடையும், நேரமும் இழுக்கும். வலி குத்தும் நொடியோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஹீமோகுளோபின் பார்க்க விரல் நுனியில் குத்தியதுதான் அதிகம் வலித்தது என்று கொடுத்துவிட்டு வந்த பலர் சொல்வார்கள்.

ஆக, அளவும் வலியும் தொற்றும் பெரிய காரணங்கள் அல்ல. பிறகு எதற்கு அந்த இளைஞர் மயங்கினார்?

மாடிக் குழாயில் தண்ணீர்

ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தொட்டி கிடையாது. கீழே சம்ப்பிலிருந்து மோட்டார் தண்ணீரை நேராகக் குழாய்களில் ஏற்றுகிறது. கீழ்த்தளத்தில் பல குழாய்கள். மாடியில் ஒரே ஒரு குழாய். மாடிக் குழாயில் தண்ணீர் விழ மூன்று நிபந்தனைகள் உண்டு. மோட்டார் போதிய வேகத்தில் ஓட வேண்டும். கீழே உள்ள குழாய்களை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்துவிடக் கூடாது. சம்ப்பில் தண்ணீர் இருக்க வேண்டும்.

நம் உடம்பில் மோட்டார் இதயம். மாடிக் குழாய் மூளை. கீழ்த்தளக் குழாய்கள், கைகால் தசைகளுக்கும் குடலுக்கும் போகும் சிறு தமனிகள். சம்ப், இதயத்துக்குத் திரும்பிவரும் சிரை ரத்தம். நாம் எழுந்து நின்றாலே அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் நெஞ்சுப் பகுதியிலிருந்து இறங்கிக் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. ஆனாலும் நாம் தினமும் எழுந்து நிற்கிறோம், மயங்குவதில்லை. யாரோ மேற்பார்வை பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த மேற்பார்வையாளர்கள் கழுத்தில் இருக்கிறார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் சுவர் சற்றுப் புடைத்திருக்கும். அங்கே அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதை 1920களில் உடலியலாளர் ஹைன்ரிஷ் ஹெரிங் காட்டினார். அழுத்த உணரிகள் என்று இவற்றை அழைக்கலாம். அழுத்தம் குறைந்தால் இவை மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகுளத்துக்குச் செய்தி அனுப்பும். அங்கிருந்து இரண்டு வழியில் ஆணை வரும்.

ஒன்று, பரிவு நரம்புகள். இவை சிறு தமனிகளை இறுக்கும், அதாவது கீழ்த்தளக் குழாய்களைப் பாதி மூடும். மோட்டாரின் வேகத்தையும் கூட்டும். மற்றொன்று வேகஸ் நரம்பு. இது மோட்டாரின் வேகத்தைக் குறைப்பது.

வேகஸ் இதயத்தை எப்படித் தணிக்கிறது என்பதை 1921இல் ஆட்டோ லேவி ஒரு தவளைச் சோதனையில் காட்டினார். உப்புக் கரைசலில் துடித்துக்கொண்டிருந்த ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்தக் கரைசலை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் ஊற்றினார். அதன் நரம்பை யாரும் தொடவில்லை, ஆனால் அதுவும் மெதுவானது. நரம்பு ஏதோ ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டிருக்கிறது என்பது உறுதியானது. அது அசிட்டைல்கோலின் என்று பிறகு தெரிந்தது. 1936இல் லேவி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அடைப்பதற்குப் பதில் திறந்துவிடும் கை

முகாமில் மயங்குபவரின் நாடியைப் பிடித்துப் பார்த்தால் அது வெகுவாகக் குறைந்திருக்கும். நிமிடத்துக்கு நாற்பது, சிலருக்கு அதற்கும் கீழே. ஆகவே வேகஸ் நரம்பு மோட்டாரை அணைத்துவிட்டது, அதனால் மயக்கம் என்று முடிவுகட்டத் தோன்றும். லண்டன் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ் அதைச் சோதித்துப் பார்த்தார். மயங்குபவர்களுக்கு அட்ரோபின் மருந்தை ஊசி மூலம் கொடுத்தார். இது வேகஸின் பிடியிலிருந்து இதயத்தை விடுவிக்கும். நாடி உயர்ந்தது. ஆனால் முகத்தின் வெளுப்பு மாறவில்லை, அழுத்தமும் தாழ்ந்தே இருந்தது. மோட்டாரைத் திரும்ப முடுக்கியும் மாடியில் தண்ணீர் வரவில்லை. அப்படியானால் கீழே குழாய்கள் திறந்து கிடக்க வேண்டும். ரத்தக் குழாயும் வேகஸும் சேர்ந்தே இதைச் செய்கின்றன என்று 1932இல் எழுதினார். இந்த மயக்கத்துக்கு அவர் வைத்த ‘வேசோவேகல்’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. தமிழில் குழல்-வேகஸ் மயக்கம் எனலாம்.

குழாய்கள் உண்மையிலேயே திறக்கின்றனவா? அதைப் பார்த்தது போர்க்காலம். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்காகப் பிரிட்டனில் ஏராளமானவர்கள் ரத்தம் கொடுத்தார்கள். ரத்த இழப்பு உடம்பை என்ன செய்கிறது என்பது அவசரக் கேள்வியானது. ஹென்றி பார்க்ராஃப்ட், எட்ஹோம், மக்மைக்கேல், ஷார்ப்பி-ஷேஃபர் ஆகிய நால்வர் தன்னார்வலர்களிடம் சாதாரணக் கொடையைவிட அதிகமாக ரத்தம் எடுத்து, மயக்கம் வரும் தறுவாயில் என்ன நடக்கிறது என்று அளந்தார்கள். முன்கைக்குப் போகும் ரத்தத்தை அளக்க அவர்களிடம் ஒரு வழி இருந்தது. கையின் மேற்பகுதியில் காற்றுப் பட்டையை லேசாக இறுக்கினால் சிரைகள் அடைபடும், தமனிகள் அடைபடாது. ரத்தம் உள்ளே வரும், வெளியே போகாது. முன்கை எவ்வளவு வேகமாகப் பருக்கிறதோ அவ்வளவு ரத்தம் உள்ளே பாய்கிறது.

ரத்தம் குறைந்தால் தசைக்குப் போகும் குழாய்கள் இறுகி, முன்கைக்கு வரும் ரத்தமும் குறைய வேண்டும். நடந்தது நேர்மாறு. அழுத்தம் சரிந்த அதே நேரத்தில் முன்கைக்குள் ரத்தம் கூடுதலாகப் பாய்ந்தது. முகம் வெளுத்துக் கிடக்க, தசையின் குழாய்கள் அகலத் திறந்திருந்தன. 1944இல் லான்செட் இதழில் இது வெளியானது. மறு ஆண்டு பார்க்ராஃப்டும் எட்ஹோமும் முன்கையின் நரம்புகளை மருந்தால் மரத்துப்போகச் செய்து சோதித்தார்கள். அந்தக் கையில் குழாய்கள் அப்படித் திறக்கவில்லை. ஆகவே திறக்கும் ஆணை நரம்பு வழியாகத்தான் வருகிறது.

கடைசிச் சான்று ஸ்வீடனிலிருந்து வந்தது. விழித்திருக்கும் மனிதரின் நரம்பில் மயிரிழை மின்முனையைச் செருகி, அதில் ஓடும் குறிகைகளை நேரடியாகப் பதிவுசெய்யும் முறை 1960களில் உப்சாலாவில் பிறந்தது. வாலின், சுண்ட்லஃப் என்ற இருவர் தசைக்குப் போகும் பரிவு நரம்பை அப்படிப் பதிவுசெய்துகொண்டிருந்தபோது ஆய்வுக்கு வந்தவர்களுக்கு மயக்கம் வந்தது. அதுவரை ஓயாமல் வந்துகொண்டிருந்த குறிகைகள் சட்டென நின்றுபோயின. 1982இல் அவர்கள் வெளியிட்ட இந்தப் பதிவு விஷயத்தைத் தெளிவாக்கியது. குழாய்களை இறுக்கிப் பிடித்திருந்த ஆணை மறைந்துவிடுகிறது. குழாய்கள் திறக்கின்றன. கூடவே வேகஸ் மோட்டாரையும் குறைக்கிறது. மூளைக்கு ரத்தம் போதாமல் சில நொடிகளில் நினைவு தப்புகிறது.

ஏறி இறங்கும் பயம்

நாயைக் கண்ட பயத்துக்கும் ஊசியைக் கண்ட பயத்துக்கும் உள்ள வேறுபாடு இப்போது பிடிபடும். 1961இல் டேவிட் கிரஹாமும் சகாக்களும், ரத்தம் கொடுக்க வந்தவர்கள் உட்பட மயங்கும் இயல்புள்ளவர்களை ஆராய்ந்து, இந்த மயக்கம் இரண்டு கட்டமாக நடக்கிறது என்று விளக்கினார்கள். முதல் கட்டம் வழக்கமான பயம்: நாடியும் அழுத்தமும் ஏறுகின்றன. இரண்டாம் கட்டத்தில் இரண்டும் செங்குத்தாகச் சரிகின்றன. நாய்க்குப் பயந்தவருக்கு முதல் கட்டம் மட்டும். ரத்தத்துக்கும் காயத்துக்கும் ஊசிக்கும் பயப்படுபவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டாம் கட்டமும் வருகிறது. மற்ற அச்சங்களில் மயக்கம் அரிது. இதில் மட்டும் சாதாரணம்.

இந்த இயல்பு குடும்பங்களில் ஓடுகிறது. அப்பாவுக்கோ அக்காவுக்கோ ரத்தம் பார்த்தால் தலை சுற்றும் என்றால் உங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். தசைப் பலத்துக்கும் மன உறுதிக்கும் இதில் வேலையில்லை. காயம்பட்டால் அழுத்தம் குறைவதால் ரத்தப்போக்கு குறையும், அதற்காகப் பரிணாமத்தில் வந்த அனிச்சைச் செயல் என்று சிலர் சொல்கிறார்கள். தாக்க வரும் விலங்கின் முன் அசைவற்றுக் கிடப்பது உயிர் காக்கும் என்று வேறு சிலர். இவை ஊகங்கள்தான். ஆனால் அனிச்சைச் செயல் என்பதில் ஐயமில்லை. தும்மலை அடக்கத் தெரியாதவரைக் கோழை என்று யாரும் சொல்வதில்லையே.

ரத்தம் கொடுத்த பிறகு வரும் மயக்கத்தில் இரண்டு காரணங்கள் கைகோத்துக்கொள்கின்றன. சம்ப்பில் 350 மில்லி குறைந்திருக்கிறது, பயத்தின் இரண்டாம் கட்டமும் நெருங்கியிருக்கிறது. இதில் எழுந்து நின்றால் இன்னும் அரை லிட்டர் கீழே இறங்கும். படுத்திருக்கும்போது மாடிக் குழாய் கீழ்த்தளத்துக்கே வந்துவிடுகிறது. அப்போது எந்த மோட்டாருக்கும் சிரமமில்லை. கொடுத்து முடித்து, ஜூஸ் மேசைக்கு நடந்து போகும் வழியில் பலர் தள்ளாடுவது எழுந்து நின்றதால்தான். பத்துப் பதினைந்து நிமிடம் இருந்துவிட்டுப் போகச் சொல்வதை உபசாரம் என்று நினைத்து மறுக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடமும் கொடையின் ஒரு பகுதி.

யாருக்கு ஆபத்து கூடுதல் என்பதும் பல நாடுகளின் பதிவுகளில் தெளிவாகத் தெரிகிறது: வயதில் இளையவர்கள், முதல் முறை வருபவர்கள், எடை குறைந்தவர்கள். எடை குறைந்தால் மொத்த ரத்தமும் குறைவு. 350 மில்லி அவர்களுக்குப் பெரிய பங்கு. தூக்கமின்மையும் வெறும் வயிறும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இவ்வளவு இருந்தும் நூறு பேர் கொடுத்தால் லேசான தலைச்சுற்றல் வருவது ஒரு சிலருக்குத்தான். நினைவு தப்பி விழுவது அதிலும் அரிது. படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்திப் பிடித்தால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார்கள்.

தண்ணீரும் தசையும்

குறை எங்கே என்று தெரிந்துவிட்டதால், திருத்த வேண்டிய இடமும் தெரிகிறது. ஒன்று, சம்ப்பையும் குழாய்களையும் முன்கூட்டியே தயார்செய்வது. இரண்டு, திறந்த குழாய்களை நாமே இறுக்குவது.

முதலாவதற்கு மருந்து வெறும் தண்ணீர். ஊசிக்கு அரை மணி நேரத்துக்குள், ஏறக்குறைய அரை லிட்டர். தண்ணீர் ரத்தத்தின் அளவைக் கூட்டுவதால் பயன் என்று நினைக்கத் தோன்றும். அது கதையில் ஒரு பாதிதான். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் யார்டனும் சகாக்களும் தானியங்கி நரம்புகள் பழுதான நோயாளிகளுக்கு அரை லிட்டர் தண்ணீர் கொடுத்தபோது, சில நிமிடங்களிலேயே அழுத்தம் ஏறத் தொடங்கி அரை மணியளவில் உச்சத்தை எட்டியது. ஆரோக்கியமானவர்களுக்கு அழுத்தம் அவ்வளவு ஏறாது, ஆனால் பரிவு நரம்புகள் விழித்துக்கொண்டு குழாய்களை இறுக்குகின்றன. உப்புக் கலந்த நீருக்கு இந்த விளைவு குறைவு. எனவே நீரின் கனஅளவு மட்டும் காரணமல்ல. ரத்தம் சற்று நீர்த்துப்போவதை உடம்பு உணர்ந்து காட்டும் எதிர்வினை இது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரத்தம் கொடுக்க வந்த ஆயிரக்கணக்கான உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு முன்கூட்டியே அரை லிட்டரளவு தண்ணீர் கொடுக்கப்பட்டது. அவர்களிடம் தலைச்சுற்றல், மயக்கம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. பத்து ரூபாய்க்கும் குறைவான தண்ணீர் செய்த வேலை.

இரண்டாவது வழி தசைகளை இறுக்குவது. ஸ்வீடன் உளவியலாளர்கள் லார்ஸ்-யோரன் ஊஸ்டும் ஸ்டெர்னரும் 1987இல் ரத்தத்துக்கு அஞ்சுபவர்களுக்காக இதை வகுத்தார்கள். மற்ற அச்சங்களுக்கு உடம்பைத் தளர்த்தச் சொல்வார்கள். இங்கே தளர்த்துவது தவறு. ஏற்கெனவே தளர்ந்துவிட்ட குழாய்கள்தான் பிரச்சினை. தொடை, பின்புறம், வயிறு, ஊசி போடாத கை ஆகியவற்றின் தசைகளைப் பத்துப் பதினைந்து நொடி இறுக்க வேண்டும், முகத்தில் வெப்பம் ஏறுவது தெரியும்வரை. பிறகு இருபது முப்பது நொடி விட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. இதையே திரும்பத் திரும்பச் செய்யலாம். இறுகும் தசை தனக்குள் உள்ள குழாய்களை நெரித்து, சிரை ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளுகிறது. கீழ்க்குழாய்கள் அடைபட்டு, சம்ப்பும் நிரம்புகிறது. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பிளேன் டிட்டோவும் சகாக்களும் நூற்றுக்கணக்கான இளம் கொடையாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இதைச் சோதித்து 2003இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற குழுவில், குறிப்பாகப் பெண்களிடம், தொல்லைகள் குறைந்தன. கட்டிலில் கால்மேல் கால் போட்டுத் தொடையை இறுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். யாருக்கும் தெரியவும் தெரியாது.

மற்றவை பாட்டி வைத்தியம் அளவுக்கு எளியவை. முந்தின இரவு நன்றாகத் தூங்குவது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் இட்லியோ சாதமோ சாப்பிட்டுவிட்டுப் போவது. ஊசி ஏறும் நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் இருப்பவரோடு பேசுவது. ஒருவர் மயங்கினால் அடுத்த கட்டில்காரருக்கும் தொற்றிக்கொள்வதை முகாம் நடத்துபவர்கள் அறிவார்கள். எனவே அந்தப் பக்கம் பார்க்காமல் இருப்பது நல்லது. கொடுத்த பிறகு அன்று முழுக்கத் தண்ணீரும் மோரும் தாராளமாகக் குடிக்கலாம். கனமான மூட்டை தூக்குவது, கூட்டமான பேருந்தில் வெகுநேரம் நிற்பது, உடனே பைக்கை எடுப்பது ஆகியவற்றைத் தவிர்க்கலாம். சிலருக்குத் தலைச்சுற்றல் ஓரிரு மணி நேரம் கழித்தும் வரும். வந்தால் உட்கார இடம் தேடி நடக்க வேண்டாம். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அல்லது படுத்துவிடுவதுதான் சரி.

பயத்தைச் சொல்லலாமா?

இனி ஒரே ஒரு தயக்கம் மிச்சம். பயம் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் அதுவே மயக்கத்தைக் கிளப்பிவிடுமோ என்று முகாம் நடத்துபவர்கள் தயங்குகிறார்கள். கேலி செய்வார்களோ என்று இளைஞர்கள் தயங்குகிறார்கள். இரண்டு தரப்பும் மௌனமாக இருந்துவிடுகின்றன.

அமெரிக்காவின் ஓஹாயோ பல்கலைக்கழக உளவியலாளர் கிறிஸ்டோஃபர் ஃபிரான்ஸும் சகாக்களும் 2013இல் இந்தத் தயக்கத்தைச் சோதித்தார்கள். பள்ளி மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி: கையிலிருந்து ரத்தம் எடுப்பதை நினைத்தால் உங்களுக்கு எவ்வளவு பயம்? சிலரிடம் ரத்தம் எடுக்கும் முன்பே கேட்டார்கள், சிலரிடம் எடுத்த பிறகு. அதிகப் பயம் என்றவர்களுக்கு மயக்கத் தொல்லை அதிகம் வந்தது, இது எதிர்பார்த்ததே. ஆனால் முன்கூட்டியே கேட்டதால் தொல்லை கூடவில்லை. கேள்வி பயத்தை விதைக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததை வெளியே காட்டியது. யாருக்குத் தண்ணீர் கொடுத்து, யாரைச் சாய்வாகப் படுக்கவைத்து, யார் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும் என்பது முன்பே தெரிந்துவிட்டது.

நம் முகாம்களின் படிவங்களில் காய்ச்சல், மாத்திரை, மஞ்சள்காமாலை, பச்சை குத்தியது என்று நிறையக் கேட்கிறார்கள். அவற்றோடு இந்தக் கேள்வியும் ஒரு வரி சேரலாம். இதில் முகாமுக்கும் லாபம் உண்டு. முதல் முறை மயங்கியவர்களில் கணிசமானோர் மறுபடி வருவதில்லை. நம் நாட்டில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி முதல் ஒழிக்கப்பட்டது. அன்றிலிருந்து ரத்த வங்கிகள் மனமுவந்து கொடுப்பவர்களையும் நோயாளியின் உறவினர்களையும் நம்பியே இயங்குகின்றன. திரும்பத் திரும்ப வரும் தன்னார்வக் கொடையாளியின் ரத்தமே மிகப் பாதுகாப்பானது. தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, சிவப்பணுக்களை ஐந்தாறு வாரத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. சேமித்து அடுக்கி வைக்க இயலாத பொருளுக்கு, மறுபடி மறுபடி வரும் ஆட்கள் வேண்டும். முதல் அனுபவம் கசக்காமல் பார்த்துக்கொண்டால்தான் அவர்கள் கிடைப்பார்கள்.

பயம் பற்றிய அந்த வரி படிவத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கட்டிலில் ஏறும் முன் செவிலியரிடம், "அக்கா, எனக்கு இதுதான் முதல் தடவை, கொஞ்சம் பயமா இருக்கு" என்று நீங்களே சொல்லிவிடலாம். அவருடைய வேலைக்குத் தேவையான மருத்துவத் தகவல்களில் அதுவும் ஒன்று.